கொண்டலாம்பட்டி பைபாஸிலிருந்து ஸ்ரீநகர் வரை காரில்: 18 நாள் போதுமா?

#1 கொண்டலாம்பட்டி பைபாஸ்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பைபாஸ் தெரியும். பையன் (மூன்றாம் வகுப்பு முடித்தவன்) ஒரு நாள் "இந்த ரோடு எங்கப்பா போய் முடியுது?" என்று கேட்டான். இந்தப் பக்கம் கன்னியாகுமரி, அந்தப் பக்கம் ஸ்ரீநகர், நடுவில் நாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பொங்கல் லீவில் கன்னியாகுமரி போய் வந்தாயிற்று. இப்போது மறுமுனை வேண்டுமாம்.

அக்டோபர் முதல் வாரம் கிளம்ப உத்தேசம். ஆட்கள்: நான், மனைவி, பையன், அம்மா (64 வயது, லேசாக முட்டி வலி, மற்றபடி என்னைவிடத் தெம்பு). வண்டி 2019 மாடல் பெட்ரோல் கார், 62,000 கி.மீ. ஓடியது. ஓட்டுவது நான் மட்டும்.

திட்டம்: முதல் நாள் ஹைதராபாத், இரண்டாம் நாள் நாக்பூர், மூன்றாம் நாள் குவாலியர், நான்காம் நாள் அம்பாலா, ஐந்தாம் நாள் ஜம்மு, ஆறாம் நாள் ஸ்ரீநகர். அங்கிருந்து கார்கில் வழியாக லே, மணாலி இறங்கி, டெல்லி, ஆக்ரா, திரும்ப சேலம். மொத்தம் 18 நாள். போய் வந்தவர்கள் இதில் இருக்கும் ஓட்டைகளைச் சொல்லுங்கள்.

#2 ஸ்டெப்னி

முதல் ஓட்டை: நீங்கள் மட்டும் ஓட்டுகிறீர்கள்.
இரண்டாவது ஓட்டை: மற்றதெல்லாம்.

#3 ஏற்காடு காப்பி

ஸ்டெப்னி சொன்னதை விரித்துச் சொல்கிறேன். சேலத்திலிருந்து ஸ்ரீநகர் 3,100 கி.மீ. சொச்சம். அங்கிருந்து லே 420, லேயிலிருந்து மணாலி 430, அப்புறம் டெல்லி 530, டெல்லியிலிருந்து வீடு 2,300. கூட்டினால் 6,800 வருகிறது. 18 நாளில் வகுத்தால் ஒரு நாளும் ஓயாமல் தினம் 380 கி.மீ. அதில் மலைப்பாதை நாட்களில் 200 தாண்டினாலே பெரிது. தால் ஏரியில் படகு எப்போது ஏறுவது? ஓடிக்கொண்டேவா?

லேயை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஏற்காடு 1,500 மீட்டர். லே ஊரே 3,500 மீட்டர். மணாலி வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. நம் சேர்வராயன் மலை மேல் இன்னும் இரண்டு சேர்வராயனை அடுக்கி, அதற்கும் மேலே ஏறுகிற மாதிரி. லேயில் இறங்கினால் இரண்டு நாளாவது சும்மா படுத்துக் கிடக்க வேண்டும், உடம்பு பழக. அம்மாவோடும் சின்னப் பையனோடும் போகிறீர்கள். அதுபோக அந்தப் பாதையில் டாண்டியில் பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் 365 கி.மீ. என்று பலகையே வைத்திருந்தார்கள். அக்டோபர் பாதியில் பனி விழுந்தால் பாரலாச்சா கணவாய் பக்கம் எப்போது வேண்டுமானாலும் அடைபடும். அதைத் தனியாக ஒரு ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 கொண்டலாம்பட்டி பைபாஸ்

லே போனது. வீட்டில் இரண்டு பேர் முகத்தில் நிம்மதி, ஒருவன் முகம் தொங்கிவிட்டது. முதல் நாள் ஹைதராபாத் சரிதானே? 770 கி.மீ.தான், நான்கு வழிச்சாலை. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும்.

#5 சங்ககிரி ஸ்டியரிங்

தம்பி, வணக்கம். 31 வருஷம் லாரி ஓட்டி இப்போது வீட்டில் இருக்கிறேன். ஜவ்வரிசி, இரும்பு என்று முட்டை தவிர எல்லா லோடும் ஏற்றி எல்லாப் பக்கமும் போயிருக்கிறேன். முட்டை ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், அது நாமக்கல்காரர்கள் பாடு.

விடியற்காலை 3 மணிக்கு ரோடு காலி என்று யார் சொன்னது? அந்த நேரத்தில் ரோட்டில் இருப்பவன் எல்லாம் முந்தின நாள் ராத்திரி 9 மணியிலிருந்து ஓட்டிக்கொண்டு இருப்பவன். 3 மணியிலிருந்து 5 மணிக்குள்தான் கண் சொக்கும். எனக்கும் சொக்கியிருக்கிறது. பெனுகொண்டா பக்கத்தில் ஒரு தடவை கிளீனர் பையன் தொடையில் கிள்ளினான், இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. உங்களுக்கும் பாதித் தூக்கம், எதிரில் வருபவனுக்கும் பாதித் தூக்கம். 5 மணிக்குக் கிளம்புங்கள். பொழுது சாய்வதற்கு முன் ரூம் போட்டுவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தில் இருட்டினால் மாடு ரோட்டில்தான் படுத்திருக்கும், டிராக்டருக்குப் பின்னால் லைட் இருக்காது, எதிர்ப்பக்கமாக வருவதை யாரும் தப்பு என்றே நினைக்க மாட்டார்கள்.

முதல் நாள் ஹைதராபாத் வேண்டாம். அனந்தப்பூரில் நில்லுங்கள், 400 சொச்சம் வரும். முதல் நாள் உடம்பு சொல்வதைக் கேட்காமல் ஓட்டினால் மூன்றாம் நாள் அது நம்மைக் கேட்காது.

#6 ஸ்டெப்னி

5 மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு ஓசூரில் நிற்பார். அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டும்போது மத்தியானம் ஆகிவிடும், ண்ணா.

#7 சங்ககிரி ஸ்டியரிங்

பெங்களூருக்குள் ஏன் போகிறீர்கள்? ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி. லாரிக்காரன் பாதை அதுதான். தேவனஹள்ளியில் மறுபடி நம்ம 44 ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை வந்துவிடும். பாகலூர் மாலூர் ரோடு கொஞ்சம் குறுகல், நிதானமாகப் போங்கள். இன்னொன்று, பாகேபள்ளியில் டேங்கை நிரப்பிவிட்டு ஆந்திராவுக்குள் போங்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் விலை நம்மைவிட அதிகம்.

#8 குகை கைத்தறி

அனந்தப்பூரில் நிற்பதானால் வழியில் கொடிகொண்டாவில் இடது பக்கம் திரும்பி லேபாக்ஷி பார்த்துவிடலாம், 15 கி.மீ.தான். ஒற்றைக் கல் நந்தியும், தரையில் முழுதாக ஊன்றாத தூணும். தூணுக்கு அடியில் எல்லாரும் துணியை விட்டு இழுத்துக்கொண்டு இருப்பார்கள். மறுநாள் கர்னூல் தாண்டியதும் ஆலம்பூர். துங்கபத்திரைக் கரையில் நவபிரம்மா கோயில்கள், சாளுக்கியர் கட்டியவை. ஜோகுலாம்பா 18 சக்தி பீடங்களில் ஒன்று. அம்மா கட்டாயம் சந்தோஷப்படுவார்.

#9 கொண்டலாம்பட்டி பைபாஸ்

அம்மாவிடம் ஜோகுலாம்பா என்றேன். அவ்வளவுதான், ஸ்ரீநகரைவிட அதுதான் இப்போது முக்கியம்.

மாமா ஒருவர், அம்மாவை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பு என்கிறார். கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்ரா போகும் வண்டி, சேலம் ஜங்ஷனில் நிற்கும். மூன்று ராத்திரி ரயிலில். அம்மாவின் பதில்: "உங்க மாமாவை ஏத்தி அனுப்பு."

#10 திருச்செங்கோடு ரிக்

நான் போர்வெல் வண்டியில் 9 வருஷம் மத்தியப் பிரதேசத்தில் இருந்தவன். நாக்பூர் தாண்டினால் சியோனி வரை பெஞ்ச் காடு. ரோட்டையே தூண் மேல் தூக்கிவிட்டு, அடியில் புலியும் மானும் கடந்துபோக விட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்பது இடம், ஒன்று மட்டும் 750 மீட்டர் நீளம். மேலே போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு பக்கமும் சுவர் மாதிரித் தடுப்பு. பையனுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் புலி எங்கே என்று உயிரை எடுப்பான்.

லக்னாதோன் வந்ததும் கவனம். பழைய 7 ஆம் நம்பர் ரோடு அங்கே ஜபல்பூர் பக்கம் பிரிந்து காசிக்குப் போய்விடும். கன்னியாகுமரியிலிருந்து காசி வரை இருந்தது அது ஒன்றுதான். 2010 இல் நம்பரை எல்லாம் மாற்றியபோது ஏழு வெவ்வேறு ரோடுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து 44 ஆக்கினார்கள். சேலத்தில் இன்றைக்கும் பெரியவர்கள் செவன் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் நர்சிங்பூர், சாகர் என்ற பலகையைப் பிடியுங்கள்.

#11 ஆத்தூர் டு நாக்பூர்

கல்யாணமாகி நாக்பூர் வந்து 14 வருஷம். யாரும் பேசாத விஷயத்தை நான் பேசுகிறேன்: பாத்ரூம். அம்மாவும் மனைவியும் வருகிறார்கள், அதனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம் என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். டாபாவைவிடப் பெரிய பெட்ரோல் பங்க் நல்லது. சாவி கேட்டால் கொடுப்பார்கள், கொடுக்க யோசித்தால் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுவிட்டுக் கேளுங்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருவதுதான் இந்த மாதிரிப் பயணங்களில் உடம்பைக் கெடுக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு எங்கேயும் வெஸ்டர்ன் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், மடக்கு ஸ்டூல் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

நாக்பூரில் காலையில் தர்ரி போஹா சாப்பிடுங்கள், அவல் மேல் காரக் குழம்பு ஊற்றித் தருவார்கள். விரத நாள் என்றால் சாபுதானா கிச்சடி. வேறொன்றும் இல்லை, நம்ம ஜவ்வரிசி. நாம் பாயசத்துக்கு ஒரு பிடி போடுவோம், இங்கே தட்டு நிறையச் சாப்பிடுகிறார்கள். வந்த புதிதில் மளிகைக் கடையில் மூட்டை மேல் சேலம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

#12 மேட்டூர் மதகு

பையனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஆறு எழுதட்டும். போனைப் பிடுங்காமலே போனை மறப்பான்.

சேலத்திலிருந்து வடக்கே கிளம்பினால் காவிரி வராது, அதை அவன் கன்னியாகுமரி போகும்போது பரமத்தி வேலூர் தாண்டிப் பார்த்திருப்பான். இந்தப் பக்கம் முதலில் தென்பெண்ணை. அனந்தப்பூர் தாண்டி பாமிடியில் பென்னா ஆறு, நம்ம பெண்ணையின் தங்கை மாதிரி, நந்தி மலைப் பக்கம் பிறந்து வேறு திசையில் ஓடுவது. கர்னூலில் துங்கபத்திரை, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. நிர்மல் போவதற்கு முன் கோதாவரி. மகாராஷ்டிர எல்லையில் பென்கங்கா. நர்சிங்பூருக்கும் சாகருக்கும் நடுவில் பர்மான் என்ற இடத்தில் நர்மதை, இது வரைக்கும் வந்ததெல்லாம் கிழக்கே ஓடும், இது மட்டும் மேற்கே. மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவில் சம்பல், நீண்ட மூக்கு முதலை இருக்கும் ஆறு. அப்புறம் யமுனை. லூதியானா தாண்டி சட்லஜ், பதான்கோட் போகும் வழியில் பியாஸ், ஜம்மு எல்லையில் ராவி, ஜம்மு ஊருக்குள் தாவி, ராம்பனில் செனாப், கடைசியில் ஸ்ரீநகரில் ஜீலம். ஒரே ரோடு, இத்தனை ஆறு. மேட்டூர் அணைக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதைத் தவிர வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

#13 கொண்டலாம்பட்டி பைபாஸ்

அண்ணா, நோட்டு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் திருமணிமுத்தாறு என்று எழுதிவிட்டான், நம்ம சேலத்துக்குள் ஓடுவது. ஆறுதானே என்கிறான். என்ன சொல்வது.

#14 ஏற்காடு காப்பி

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு ஒத்திகை செய்யுங்கள். நால்வரும், கொண்டுபோகும் மூட்டை முடிச்சு அத்தனையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. கூலன்ட் எப்படி, கிளட்ச் எப்படி, யாருக்கு எந்த சீட்டில் குமட்டுகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள், 1819 என்றிருந்தால் 2019 ஆம் வருஷம் 18 ஆம் வாரம் செய்தது. வண்டியோடு வந்த டயர் என்றால் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

#15 ஸ்டெப்னி

என்னை ஏன் இழுக்கிறீர்கள்.

#16 கொண்டலாம்பட்டி பைபாஸ்

ஒத்திகை முடிந்தது. ஏறும்போது 14 ஆவது வளைவில் அம்மாவுக்கு வாந்தி. இறங்கும்போது அடிவாரத்துக்கு முன்னால் பிரேக் தீய்ந்த வாசனை. போன மாதம்தான் சர்வீஸ் விட்டேன், பிரேக் பேட் புதுசு போட்டதாகப் பில்லில் இருக்கிறது. வேறு மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றச் சொன்னால் பழைய பேட், காகிதம் மாதிரி தேய்ந்து கிடக்கிறது. சண்டை போட்டுப் பணம் திரும்பி வந்தது, கோபம்தான் இன்னும் போகவில்லை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பில்லைப் பார்க்காதீர்கள், கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கு டயரும் மாற்றியாயிற்று.

அம்மா இனி முன் சீட். மனைவி பின்னால்.

#17 நெத்திமேடு

டோல் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஃபாஸ்டேக் வருஷப் பாஸ் எடுங்கள். 2025 இல் வந்தபோது 3,000 ரூபாய்; ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலில் வருகிறதோ அது. ஓமலூரில் ஆரம்பித்து ஜம்மு வரை போய் வருவதற்கு இது கொசுறு. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான். ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, யமுனா எக்ஸ்பிரஸ் சாலை இதிலெல்லாம் செல்லாது, அதற்கு ஃபாஸ்டேக்கில் தனியாகக் காசு இருக்க வேண்டும். ஹைதராபாத்துக்கு ஷம்ஷாபாத்தில் வெளிவட்டம் ஏறி மேட்சலில் இறங்குங்கள், ஊரைத் தொட வேண்டாம். டெல்லிக்கும் அப்படியே: பல்வலில் கிழக்குப் புறவட்டச் சாலையில் ஏறினால் 135 கி.மீ., குண்டலியில் மறுபடி 44. டெல்லியை வேறொரு தடவை ரயிலில் போய்ப் பாருங்கள்.

நடுவழியில் வண்டி நின்றால் 1033. இதைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். அப்புறம், ஜம்மு காஷ்மீருக்குள் நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. ஒரு போனையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

#18 ஆத்தூர் டு நாக்பூர்

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் வெள்ளிக்கிழமை போய் வாசலில் நின்றவர்கள்.

#19 திருச்செங்கோடு ரிக்

ஜான்சியில் தங்காதீர்கள். 18 கி.மீ. தள்ளி ஓர்ச்சா. பேத்வா ஆற்றங்கரை, பழைய அரண்மனைகள், ராமரை ராஜாவாக வைத்துக் கும்பிடும் கோயில். அங்கே ஒரு நாள் முழுக்க இருங்கள். நடுவழியில் ஒரு நாள் காரே எடுக்காமல் இருந்தால்தான் மீதிப் பாதி நன்றாக இருக்கும்.

#20 ஸ்டெப்னி

இப்போது நிஜமாகவே ஒரு யோசனை. காரை கட்ராவில் விட்டுவிட்டு ஸ்ரீநகருக்கு ரயிலில் போங்கள். 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, மூன்று மணி நேரம் சொச்சம். செனாப் பாலத்தின் மேல் போகும், ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம். ராம்பன் பக்கம் மண் சரிந்தால் ரோட்டில் ஒரு நாள், இரண்டு நாள் என்று நிற்க வேண்டி வரும்.

#21 நெத்திமேடு

என்னய்யா இது! 2,900 கி.மீ. ஓட்டிவிட்டுக் கடைசி 250 ரயிலா? ரோடு எங்கே முடிகிறது என்று பார்க்கத்தானே போகிறார்? பனிஹால் சுரங்கம் எட்டரை கி.மீ., செனானி சுரங்கம் ஒன்பது கி.மீ.க்கு மேல். அதையெல்லாம் யார் ஓட்டுவது? ரோட்டில் போனால் பாம்போரைத் தாண்டித்தான் ஸ்ரீநகர், குங்குமப்பூ வயலே ரோட்டோரம்தான்.

#22 ஏற்காடு காப்பி

குங்குமப்பூ பூப்பது அக்டோபர் கடைசியில். இவர் போகும்போது வெறும் மண்தான் இருக்கும்.

#23 நெத்திமேடு

மண்ணாக இருந்தாலும் ரோட்டில் போய்ப் பார்க்கிற மண்.

#24 சங்ககிரி ஸ்டியரிங்

நெத்திமேடு தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் ராம்பனில் ஆப்பிள் சீசனில் மூன்று நாள் வரிசையில் நின்றவன் நான். எனக்கு அது வேலை, பேட்டா (தினப்படி) வரும். கேபினில் படுக்கை, ஸ்டவ், அரிசி எல்லாம் இருந்தது. ஒரு சின்னக் காரில் அம்மாவோடும் பிள்ளையோடும் அப்படி நிற்க முடியாது. ஜம்மு வந்ததும் அங்கே டிராபிக் போலீஸ் தினமும் போடும் அறிவிப்பைப் பாருங்கள். ரோடு சுத்தமாக இருந்தால் விடியற்காலை ஏறுங்கள். சந்தேகம் என்றால் கட்ராவில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில். இதை இங்கே உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள்.

#25 கொண்டலாம்பட்டி பைபாஸ்

அப்படியே செய்கிறேன். ரயில் டிக்கெட் எடுத்து வைக்கிறேன், ரோடு நன்றாக இருந்தால் கேன்சல்.

புதுத் திட்டம், 21 நாள் (ஆபீஸில் கெஞ்சி, பள்ளியில் எழுதிக் கொடுத்து): அனந்தப்பூர், மேட்சல், நாக்பூர், சாகர், ஓர்ச்சா இரண்டு ராத்திரி, ஆக்ரா, அம்பாலா, ஜம்மு, ஸ்ரீநகர் மூன்று ராத்திரி. திரும்பும்போது வேடிக்கை எதுவும் இல்லாமல் ஜம்முவிலிருந்து ஆறு நாளில் வீடு. போக மிச்சம் இரண்டு நாள் கையிருப்பு. அது எதற்கு என்று எழுதவில்லை. மனைவிக்கும் இரண்டு ஞாயிறாக உளுந்தூர்பேட்டை ரோட்டில் பழக்கம் கொடுத்திருக்கிறேன். வாழப்பாடி வரை அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஓட்டுவதைவிட அதுதான் கஷ்டம்.

அம்மா தட்டுவடை செட்டுக்கு வேண்டிய தட்டுவடை, சட்னிப் பொடி எல்லாம் டப்பாவில் கட்டுகிறார். மூன்று கிலோ.

#26 ஆத்தூர் டு நாக்பூர்

நாக்பூரில் ஒரு கிலோ இறக்கிவிட்டுப் போங்கள். சாப்பாடு என் வீட்டில்.

#27 சங்ககிரி ஸ்டியரிங்

தம்பி, ஒன்று விட்டுப்போனது. போகும்போது தொப்பூர் மலைப்பாதை உங்களுக்கு ஏற்றம், ஒன்றும் தெரியாது. வரும்போதுதான் இறக்கம். ஆறாயிரம் கி.மீ. ஓட்டி முடித்து, வீட்டுக்கு இன்னும் முப்பது சொச்சம்தான் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற இடம். நம்ம வண்டிகள் பஞ்சாப் வரை போய் ஒரு கீறல் இல்லாமல் வந்து அங்கே கவிழ்ந்திருக்கின்றன. உங்களுக்குப் பின்னால் நியூட்ரலில் விட்டுக்கொண்டு ஒருத்தன் வருவான், அவனுக்கு பிரேக் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. வரும்போது தருமபுரியில் இறங்கி அரை மணி நேரம் உட்காருங்கள். முகம் கழுவுங்கள். டீ குடியுங்கள். அப்புறம் மூன்றாவது கியரில் இடது பக்கமாக வாருங்கள்.

#28 கொண்டலாம்பட்டி பைபாஸ்

சரிங்கண்ணா. 21 ஆம் நாள், தருமபுரியில் டீ. பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டான்.